தடம் பதியாத வண்டி

கண்ணைத் திறக்காதீங்க, மருந்து வெளிய வந்துரும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். எரிகிறது. முதல் சொட்டு எப்போதும் எரியும், அடுத்த சொட்டு அவ்வளவு எரியாது, அதற்குப் பிறகு கண்ணின் பாப்பா விரிந்து வெளிச்சமெல்லாம் அடக்கமில்லாமல் உள்ளே வரும். வருஷா வருஷம் இதே ஆஸ்பத்திரி, இதே வழவழப்பான ஸ்டீல் நாற்காலி, இதே ஸ்பிரிட் வாசனை. எங்கள் மையத்தில் வானத்திலிருந்து எடுத்த படம் பார்க்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை கண் நன்றாக இருக்கிறது என்று சான்று வாங்கித் தரவேண்டும். வாங்கித் தரலாம், ஆனால் இன்றைக்கேவா? காலையில் கூட்டம் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறேன். எங்கள் மேலதிகாரி தேவசகாயம் சாரே கேட்டார், இன்னிக்குப் போகணுமா மேடம், இருந்து சாப்பிட்டுட்டுப் போங்களேன், டெல்லிக்காரங்க உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்காங்க என்று. அப்பாயின்ட்மென்ட் சார், விட்டால் அடுத்த மாசம்தான் கிடைக்கும் என்றேன். பொய். இங்கே எந்த நாளும் டோக்கன் தருவார்கள். ஏன் ஓடி வந்தாய் கோகிலவாணி? எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். டெல்லியிலிருந்து வந்த வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்று குலுக்கினார். உள்ளங்கை உலர்ந்து சூடாக இருந்தது. என் கைதான் ஈரம். அதை அவர் கவனித்திருப்பாரா? கவனித்து, இவள் பயந்த சுபாவம், ஆனால் வேலையில் கெட்டி என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்தால் நல்லது. நல்லதா?

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ கனமான ஆள். பீடி வாசனையும் தேங்காயெண்ணெயும். "ஏனுங்க அம்மிணி, ரொம்ப எரியுதுங்களா?" என்றது குரல். முதல்ல கொஞ்சம் எரியும்ங்க, அப்புறம் ஒண்ணும் இல்லை என்றேன். கண் மூடியிருப்பதால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்கிறது. அவர் பெயர் ஆறுக்குட்டி. காலேஜ் பஸ் ஓட்டுகிறார். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், கண் டாக்டர் கையெழுத்து வேண்டும், காலேஜில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "நீங்க என்ன வேலைங்க?" மேப் போடற ஆபீஸுங்க என்றேன். பதினாலு வருஷமாக எல்லோரிடமும் இதையே சொல்கிறேன். வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான் தெரியும். நிலம் அளக்கறது, ஏரி குளம் வரையறது. "அட, வெயில்ல அலையோணுமே" என்றார் பாவமாக. இல்லைங்க, மேலே இருந்து எடுத்த படத்தைப் பார்த்து உள்ளே உட்கார்ந்தே போடறது. "அது பரவால்லீங்க." பரவாயில்லைதான். ஏசி அறை, ஜன்னல் கிடையாது, போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

வரைபடம் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நான் பார்ப்பது ஒரே ஒரு வட்டாரம். அந்தப் பக்கத்து நாட்டில் ஓர் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு முகாம், முகாமில் நீளமான கொட்டகைகள். கொட்டகைக்குள் லாரிகள். அணுகுண்டு ஏவுகணையை முதுகில் படுக்கவைத்துக்கொண்டு போகிற லாரிகள். ஓர் இடத்தில் நின்றால் அடித்துவிடுவார்கள் என்றுதான் அவற்றுக்குச் சக்கரம் வைத்தார்கள். சக்கரம் வைத்ததால்தான் நான் வேலையில் இருக்கிறேன். வானத்தில் நம் செயற்கைக்கோள் போகும்போது அவர்கள் வலையைப் போட்டு மூடுவார்கள், அவர்களுடையது வரும்போது நாம் மூடுவோம். இதில் யாரும் யாரையும் முழுசாகப் பார்த்ததில்லை. பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழட்டு அதிகாரி பாடம் எடுத்தார். எல்லா லாரியும் எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் அவனுக்கு முந்திக்கொண்டு அடிக்கத் தோன்றும், தெரிந்துவிட்டது என்று மற்றவன் நினைத்தால் அடிபடுவதற்கு முன்னால் ஏவிவிடத் தோன்றும், ரெண்டு பேரும் தூங்குவது முழுசாகத் தெரியாததால்தான் என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தோம். பிறகு பதினாலு வருஷமாக, தெரியாததைத் தெரியவைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அந்த முகாமில் துணி காயப்போடும் கொடி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளை நாயோ கன்றுக்குட்டியோ சமையல்கூடத்துக்குப் பின்னால் படுத்திருக்கும். யாரோ ஒருத்தர் கொட்டகைக்குப் பக்கத்தில் பாத்தி கட்டிக் காய்கறி போட்டிருக்கிறார். அவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. போன வருஷம் பாத்தி பெரிதானபோது சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாதமாக எல்லையில் சரியில்லை. நேற்று வந்த படத்தில் கொட்டகைக் கதவு திறந்திருக்கிறது. ஆற்றோரத் தோப்பில், வலைக்கு அடியில், நீளமாக மூன்று உருவங்கள். வெளியே வந்துவிட்டார்கள் என்றால் அடிக்கத் தயாராகிறார்கள் என்று அர்த்தம் கொள்ளலாம். பயிற்சி என்றும் கொள்ளலாம். ரப்பரிலும் துணியிலும் செய்த பொம்மை வண்டியை நிறுத்தி நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றும் கொள்ளலாம், எல்லா நாடும் செய்வதுதான். இதில் எது என்று சொல்லத்தான் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். சுவரில் படம். மேஜையைச் சுற்றி சட்டைகள், தோளில் பட்டை போட்ட சட்டைகள், போடாத வெள்ளைச் சட்டை. எனக்கு ஒரு பக்கம் தேவசகாயம் சார், மறுபக்கம் லியாகத் அலி. லியாகத் ரேடார் படம் பார்க்கிறவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்பாவை ஐசியுவில் வைத்திருந்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தவன். அவன்தான் முதலில் பேசினான். ரேடார் படம் நாளைக்கு வருகிறது, உலோகமா ரப்பரா என்று அதில் தெரிந்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்றான். வெள்ளைச் சட்டைக்காரர் அவனுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். நாளை என்பது எங்களுக்கு ரொம்ப தூரம், மேடம். இது நிஜ வண்டிதானா? உங்களால் சொல்ல முடியுமா, முடியாதா?

முடியுமா முடியாதா. அந்தக் கேள்வியில் ஏதோ ஒன்று. போன வருஷம் இதே அறையில் வேறொரு படத்துக்கு, தெரியலைங்க சார் என்று சொன்னேன். அப்போது ஓர் ஆள் சிரித்தார். தெரியாது என்று சொல்ல என் பேரனே போதுமே, உங்களுக்கு எதற்கு இத்தனை கோடி ரூபாய்க்குக் கேமரா என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைக்கும்போதுதான் இன்னும் கூசுகிறது, நானும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புடவையைக்கூட மாற்றாமல் பாத்ரூம் தரையைத் தேய்த்துக் கழுவினேன். ஏன் இந்த நேரத்தில் கழுவறே என்று கேட்ட வீட்டுக்காரரிடம் பாசி என்றேன். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக என் காதிலேயே இருக்கிறது. இன்று காலை அந்த மேஜையைச் சுற்றி எல்லா முகமும் என் பக்கம் திரும்பியபோது, அதே சிரிப்பு எங்கோ கிளம்பத் தயாராக நிற்பதுபோல் இருந்தது. நிச்சயம் சார் என்றேன். குரல் நன்றாக வந்தது. மூன்றும் நிஜ வண்டிகள். நீளம் சரியாக இருக்கிறது, நிழல் சரியாக இருக்கிறது, முதல் வண்டிக்கு வந்த டயர் தடம் தெளிவாகத் தெரிகிறது. ரேடாருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் லியாகத் பேனாவின் மூடியைப் போட்ட சத்தம் கேட்டது.

"ஆறுக்குட்டி, வாங்கய்யா" என்று கூப்பிடுகிறார்கள். நாற்காலி கிறீச்சிட்டு அவர் எழுந்து போனார். எனக்கு நேர் எதிரே கொஞ்ச தூரத்தில்தான் எழுத்துப் பலகை. இப்போது பலகைகூட இல்லை, டிவி மாதிரி ஒரு திரை. கண் சோதிக்கிற பெண்ணின் குரல் சின்னதாக, சுறுசுறுப்பாக இருக்கிறது. இடது கண்ணை மூடிக்குங்க, மேலே இருந்து படிங்க. அவர் படித்தார். ப, ட, ம. அடுத்தது ர, க, ந, வ. கீழே? ச, ய, த, ப, ல. கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். இத்தனை நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் போனவர்கள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாரே, நான் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்ப வலது கண்ணை மூடிக்குங்கய்யா." மறுபடியும் அதே. ப, ட, ம. ர, க, ந, வ. அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. அவர் முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள், "ஐயா, நான் கீழ இருக்கற எழுத்தை மாத்திட்டேனுங்க." அந்த ஹாலில் ஒரு நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும். என் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடியிருந்தாலும் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கய்யா. அதை வெச்சுத்தான் நான் கண்ணாடி போட முடியும். நீங்க தெரியுதுன்னு சொல்லிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள். திட்டவில்லை. நாளெல்லாம் எத்தனையோ பேரிடம் சொல்கிற குரல். "தெரியலை கண்ணு" என்றார் அவர். "மூணாவது வரிக்குக் கீழ ஒண்ணுமே தெரியலை." பிறகு, "பஸ்ஸுல புள்ளைங்க இருக்குதுங்க" என்றார், அவளிடமா தனக்குத்தானா தெரியவில்லை.

பஸ்ஸில் பிள்ளைகள். கண்ணைத் திறந்தேன், திறந்த வேகத்தில் வெளிச்சம் குத்தியது, மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் தோப்பு. எப்போதும் இப்படித்தான், நாள் பூராவும் பார்த்த படம் கண்ணை மூடினால் அப்படியே நிற்கும். ஆறு இடதுபக்கம். முந்தின நாள் அங்கே மழை, ஆற்றங்கரை மண் கறுத்துக் கிடக்கிறது. முதல் வண்டி, அதற்கு வரும் தடம், ஈர மண்ணில் இரண்டு கோடு. இரண்டாவது வண்டி பாதி மரத்துக்கு அடியில், அதன் கீழே எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வண்டி மரம் இல்லாத இடத்தில், வலைக்கு அடியில் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் ஈர மண். அந்த மண்ணில் ஒன்றுமே இல்லை. ஏவுகணையைச் சுமந்த வண்டி ஒரு சின்ன வீட்டின் கனம் இருக்கும், அது பறந்து வந்து இறங்கியதா? முதல் வண்டியின் தடம்கூட, அந்தத் தடத்தின் அகலம், அது அவ்வளவு பெரிய வண்டியின் சக்கரமா, இல்லை மடித்த ரப்பரைக் கொண்டுவந்து இறக்கிய சாதாரண லாரியா? நான் அளந்தேனா? தடம் தெரிகிறது என்று சொன்னேன், அளந்தேன் என்று சொல்லவில்லை. அளக்கவில்லை. அப்படியானால் பார்க்காமல் விட்டுவிட்டாய், தவறிவிட்டாய், மனுஷிதானே, ஆறு மணிநேரமாகப் படத்தையே பார்த்தால் கண் ஓய்ந்துபோகும், இன்றைக்குக் கண்ணைச் சோதிக்கத்தானே வந்திருக்கிறாய். அப்படி நினைக்கும்போது கொஞ்சம் இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்த இதத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் வலப்பக்க ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு, மூன்றாவது வண்டிக்கு மேலே, அது என் மவுஸின் சுட்டி. கூட்டத்தில் படத்தைக் காட்டி விளக்கும்போது சுட்டியை முதல் வண்டியில் வைத்தேன், தடத்தின் மேல் ஓட்டினேன், இரண்டாவதில் வைத்தேன், மூன்றாவதற்குப் போனேன், போய்ச் சக்கரத்துக்குக் கீழே மண்ணுக்கு இறக்கினேன், சட்டென்று எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்? எதையும் கவனிக்காதவர்கள் சுட்டியை அப்படி எடுக்கமாட்டார்கள். பார்த்தேன். வாய் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பார்த்தேன். பார்த்துவிட்டு, சொன்னதைத் திருப்பி எடுப்பது எப்படி என்று தெரியாமல் நிழலைப் பற்றிப் பேசினேன்.

இன்றைக்குச் சாயங்காலம் நம் ஏவுகணை வண்டிகள் கிளம்பும். என் ஒரு சொல்லை வைத்து டெல்லிக்காரர்கள் முடிவெடுப்பது அதுதான், அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள், நாமும் வெளியே வருவோம். நம் வண்டிகள் நிஜமாகவே வெளியே வரும், நிஜமான மண்ணில் நிஜமான தடத்தோடு. அதை அவர்கள் செயற்கைக்கோள் பார்க்கும். அங்கேயும் என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளையும் யாராவது முடியுமா முடியாதா என்று கேட்பார்கள், அவள் நிச்சயம் என்பாள், அவள் சொல்வது சரியாகவும் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாத்தி கட்டினவர் எங்கே ஓடுவார், இந்த ஹாலில் இருப்பவர்கள் எங்கே ஓடுவார்கள், கண்ணில் மருந்தோடு? பையைத் துழாவி போனை எடுத்தேன். விரித்த கண்ணுக்குத் திரை வெறும் வெள்ளை. பக்கத்தில் ஆறுக்குட்டி வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணா, இதிலே தேவசகாயம் ஆபீஸ்னு ஒரு பேர் இருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க என்று நீட்டினேன். வாங்கினார், தூர வைத்துப் பார்த்தார். "தெரியலீங்க அம்மிணி" என்றார், எந்தத் தயக்கமும் இல்லாமல். அவருக்கு அது இப்போது சுலபமாகிவிட்டது. சிஸ்டரைக் கூப்பிட்டேன், அவள் போட்டுக் கொடுத்தாள். சார், கோகிலவாணி, நான் இப்ப அங்கே வரேன். "கண் டெஸ்ட் முடிஞ்சுதா? ரெஸ்ட் எடுங்க மேடம், ரிப்போர்ட் அனுப்பியாச்சு." அனுப்பினதுதான் சார் விஷயம். போனில் இதற்கு மேல் பேசக்கூடாது, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வாங்க" என்றார். குரலில் தண்ணீர் வற்றியிருந்தது.

டாக்டரைப் பார்க்காமல் போகக்கூடாதுங்க என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல, ஆறுக்குட்டி என் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "ஏதாச்சும் கஷ்டமுங்களா?" ஆமாங்க என்றேன். பதினாலு வருஷத்தில் வெளி ஆள் ஒருவரிடம் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை. ஆட்டோவில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவிநாசி ரோட்டு வெயில் இமையைத் தாண்டி சிவப்பாக வருகிறது. ஹாரன், டீசல், பக்கத்தில் ஏதோ பஸ்ஸின் சூடு. போய் என்ன சொல்லப்போகிறாய்? இப்போதுதான் கவனித்தேன் சார் என்று சொல்லலாம். பார்த்தேன் என்று எதற்குச் சொல்லவேண்டும், இப்போதுதான் கவனித்தேன் என்றாலும் அவர்கள் நிறுத்தத்தானே போகிறார்கள், விளைவு ஒன்றுதானே. லியாகத் இருப்பான். அவன் முகத்தைப் பார்க்க முடியாது, நல்லவேளை, மருந்து இருக்கிறது. லியாகத் என்று நினைத்ததும் மனசு வேறு எங்கோ ஓடப் பார்க்கிறது, அரிசி வாங்கவேண்டும், கேஸ் புக் பண்ணவேண்டும், ஓடாதே, நில். அங்கே என்ன இருக்கிறது? அவன் பொறுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டைக்காரரின் கண் அவன் முகத்திலிருந்து கீழே இறங்கி, அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போனது. பெயரைப் படித்தது. ஒரு நொடிகூட இருக்காது. பிறகுதான் என் பக்கம் திரும்பினார். இவன் ஏன் பொறுக்கச் சொல்கிறான், யாருக்காகப் பொறுக்கச் சொல்கிறான் என்று அந்தக் கண் கேட்டதை நான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. இனி லியாகத் எது சொன்னாலும் எடுபடாது, நான் சொல்வதுதான் நிற்கும். வெட்கப்பட்டா நிச்சயம் என்றேன்? பயந்தா? அதுவும் இருந்தது. ஆனால் அந்தக் கதவு திறந்ததைப் பார்த்துவிட்டு, அது வழியாகத்தான் நடந்தேன். ரேடாருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. யாரும் கேட்காத அந்த வாக்கியம். அது ரேடாரைப் பற்றியது இல்லை. "அக்கா, அழுவறீங்களா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். கண்ணில் மருந்துங்க என்றேன்.

வாசலில் போனை வாங்கிக்கொண்டார்கள். காவலர் ஒருவர் கையைப் பிடித்து அறைவரை கொண்டுவந்து விட்டார். தேவசகாயம் சாரின் உருவம் கலங்கலாக எழுந்தது. சுவரோரம் இன்னொரு உருவம் உட்கார்ந்தே இருந்தது, அது லியாகத். படத்தைப் போடுங்க சார் என்றேன். போட்டார்கள். எனக்குப் பச்சையும் சாம்பலுமாக ஒரு பரப்பு, அவ்வளவுதான். பதினாலு வருஷம் பார்த்த இடம், ஆறு எது என்றுகூடத் தெரியவில்லை. அவனிடம்தான் கேட்கவேண்டும். "லியாகத், மூணாவது வண்டிக்குக் கீழே தடம் இருக்கா, பாரு." நாற்காலி நகரவில்லை. அவன் திரையைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். "இல்லை" என்றான். "முதல் வண்டித் தடத்தோட அகலம்?" அளவுகோலை நகர்த்துகிற கிளிக், இன்னொரு கிளிக். "சாதாரண லாரி." தேவசகாயம் சார் உட்கார்ந்துவிட்டார். "நான் நிச்சயம்னு சொல்லி அனுப்பிட்டேனே. அவங்க நூறு சதவீதம்னு போட்டு மேலே அனுப்பியிருப்பாங்க" என்றார். அவருடைய குரலில் நான் ஆஸ்பத்திரியில் கேட்டது இருந்தது, எழுத்தை மாத்திட்டேனுங்க என்றதும் வந்த அந்த மௌனம். போனை எடுத்தார், வைத்தார். என் பக்கம் குனிந்து குரலைத் தணித்துக்கொண்டார். "மேடம், ஒண்ணு பண்ணலாம். உங்க கண்ணுல கொஞ்சநாளா பிரச்சனை, இன்னிக்கு டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது, அதனால திரும்பப் பார்க்கறோம்னு சொல்லிடறேன். சீட்டு வாங்கிக்கலாம். உங்களுக்கும் ஒண்ணும் வராது, நமக்கும் ஒண்ணும் வராது." நல்ல மனுஷர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு தலையசைப்புப் போதும், அவர் டயல் செய்துவிடுவார், நம் வண்டிகளும் நின்றுவிடும். தலை அசையத்தான் பார்த்தது. "காலையில எனக்கு நல்லாத்தான் சார் தெரிஞ்சுது" என்றேன். "தடம் இல்லைங்கறதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

அவர் அப்படியேதான் போனில் சொன்னார், என் முன்னாலேயே. நிச்சயமில்லை சார். இல்லை, சின்னத் திருத்தம் இல்லை. தெரியவில்லை என்று மாற்ற வேண்டும். மறுமுனையில் ஏறிய குரல் மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. யார் சொன்னது, ஏன் சொன்னது என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது, அவரும் திரும்பத் திரும்ப என் பெயரைச் சொன்னார். பிறகு நீண்ட நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அவர் காதில் போனோடு நின்றார். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் சரி சார், சரி சார் என்றார். போனை வைத்துவிட்டு, "வண்டி இன்னிக்குக் கிளம்பாது. ரேடார் படம் வரட்டும்ங்கறாங்க" என்றார். "உங்களை இந்த மேஜையிலிருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்கு எழுத்துல வரும்." சரிங்க சார். "இனிமே இந்த வட்டாரத்தை லியாகத் பார்ப்பார்." சரிங்க. அவர் எழுந்து வெளியே போனார், தண்ணீர் குடிக்கவோ, எங்கள் இரண்டு பேரையும் விட்டு விலகவோ.

அறையில் ஏசி ஓடுகிற சத்தம். எனக்கு இதமாக இருந்திருக்க வேண்டும், வண்டி நின்றுவிட்டது, பிள்ளைகள் பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். ஒன்றும் இதமாக இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்று மனசு சொல்லிக்கொண்டது, சொல்லாதது ஒன்று மிச்சம் இருந்தது. கலங்கலாக இருந்த அந்த உருவத்தின் பக்கம் திரும்பினேன். மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால் அவன் பரவாயில்லை வாணி என்று சொல்லவேண்டியிருக்கும், அதையும் அவன் தலையில் எப்படிக் கட்டுவது? "லியாகத்" என்றேன். "ம்." "காலையில நீ பேசினப்ப அந்த ஆள் உன்னோட அட்டையைப் பார்த்தார். பேரைப் படிச்சார். அதை நான் பார்த்தேன்." அட்டை எதிலோ இடித்தது, கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தான் போலிருக்கிறது.

"தெரியும்" என்றான். "நீ பார்த்ததை நான் பார்த்தேன்."

பிறகு நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டாவது வண்டியைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.